கடிக்கும் வேட்டைத் துணைவன்

இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியன் முயல் வேட்டையைப் பற்றி எழுத வந்ததேன் என்று உங்களில் சிலர் கேட்கக் கூடும். காரணம் உண்டு.

1971ஆம் ஆண்டு. அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்தில், பட்டாவியா என்னும் ஊரில், அணுவின் உட்கருவை ஆராயும் மாபெரும் முடுக்கி ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. இன்று ஃபெர்மி ஆய்வுக்கூடம் என்று வழங்குவது அதுவே. புரோட்டான்கள் பாய்ந்தோட வேண்டிய நீண்ட குழாய்களுக்குள் உலோகத் துகள்களும் தூசியும் தங்கிவிட்டன. கையும் நுழையாது, கோலும் எட்டாது. பிரிட்டனிலிருந்து வந்திருந்த ராபர்ட் ஷெல்டன் என்பவர் ஒரு வழி சொன்னார். அவருடைய நாட்டில் முயல் வளைக்குள் ஃபெரெட் என்னும் சிறு பிராணியை அனுப்புவது நெடுநாள் வழக்கம். அதையே குழாய்க்குள் அனுப்பினால் என்ன?

அப்படி வந்து சேர்ந்ததுதான் ஃபெலிசியா. கழுத்துப்பட்டையில் நூலைக் கட்டிக் குழாயின் ஒரு முனையில் விட்டால், அது மறு முனையில் வெளிவரும். பிறகு அந்த நூலைக் கொண்டு, துப்புரவுத் திரவத்தில் நனைத்த பஞ்சு உருண்டையை இழுத்துக் குழாயைத் துடைத்தார்கள். ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட பிரதான வளையக் குழாய்க்குள் போக அது மறுத்துவிட்டது. ஆனால் ஏறத்தாழ 90 மீட்டர் நீளமுள்ள வேறு குழாய்களில் ஓடித் தன் கடமையைச் செய்தது. பின்னர் இந்த வேலைக்கென்றே ஒரு கருவியைச் செய்துவிட்டார்கள்.

முடுக்கியின் வரலாற்றில் இடம்பெற்ற இப்பிராணியை வளர்ப்போர் எல்லாரும் ஒரு குறை சொல்வதுண்டு. "வேலைக்குப் போனால் சில சமயம் கையைக் கடித்துவிடுகிறது" என்பதே அது. ஏன் கடிக்கிறது? கடிக்காமல் எப்படிக் கையாள்வது? இதற்குள் எவ்வளவு இயற்பியல் ஒளிந்திருக்கிறது? காண்போம்.

கீரி போல, ஆனால் கீரி அன்று

படத்தில் பார்த்தால் நம் ஊர்க் கீரி என்றே நினைப்பீர்கள். நீண்ட உடல், குட்டைக் கால்கள், கூரிய முகம். ஆனால் கீரியின் குடும்பம் வேறு. ஃபெரெட், நீர்நாயும் நீலகிரி மார்ட்டினும் அடங்கிய மஸ்டெலிடே குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவின் போல்கேட் என்னும் காட்டுப் பிராணியை மனிதன் பழக்கி வீட்டுப் பிராணியாக்கியதன் விளைவே இது. ஆண் ஃபெரெட் ஒன்று முதல் இரண்டு கிலோ வரை இருக்கும். பெண் அதனினும் சிறியது, பெரும்பாலும் ஒரு கிலோவுக்குக் குறைவு.

சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஸ்ட்ராபோ என்னும் புவியியல் அறிஞர், ஸ்பெயின் பகுதியில் முயல்கள் பெருகி நிலத்தைப் பாழாக்கியதையும், வாய்க்கட்டுப் போட்ட 'லிபிய வீசல்'களை வளைக்குள் விட்டு முயல்களை விரட்டியதையும் எழுதியிருக்கிறார். அந்தப் பிராணி ஃபெரெட்டாகவே இருக்க வேண்டும் என்பது பலருடைய கருத்து.

பிரிட்டனுக்கு முயலைக் கொண்டுவந்தவர்கள் நார்மானியர்கள். இறைச்சிக்கும் தோலுக்குமாக வளர்க்கப்பட்ட முயல், பிற்காலத்தில் வயல்களின் பகையாயிற்று. 1880ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குத்தகை உழவர்களும் தம் நிலத்து முயல்களைப் பிடிக்கலாம் என்று உரிமை வழங்கியது. நஞ்சு வைக்காமல், துப்பாக்கி வெடிக்காமல் முயலை வெளியேற்றும் வழி என்பதால் ஃபெரெட் அங்கே இன்றும் வேலை செய்கிறது.

வளைக்குள் நடப்பது என்ன?

இது குளிர்கால வேலை. புதர்கள் இலையுதிர்ந்து வளையின் வாய்கள் தெளிவாகத் தெரியும். முயல்குட்டிகளும் அதிகம் இரா. வேட்டைக்காரர் ஓசைப்படாமல் வந்து ஒவ்வொரு வாயிலும் சுருக்குவலையை விரித்து, அதன் கயிற்றை முளையடித்து நிறுத்துவார். பிறகு ஒரு வாய் வழியே ஃபெரெட்டை உள்ளே விடுவார். அதன் வாடை பட்டதும் முயல் வேறு வாய் வழியே பாய்ந்தோடும். பாய்ந்த வேகத்தில் வலை சுருங்கிக்கொள்ளும்.

ஃபெரெட் முயலைத் தின்பதற்காக உள்ளே அனுப்பப்படுவதில்லை, விரட்டுவதற்காகவே அனுப்பப்படுகிறது. ஆனால் சில வேளை முட்டுச்சந்தில் முயலை மடக்கிக் கொன்று, அங்கேயே உண்டு உறங்கிவிடும். அதற்காகவே இக்காலத்தில் கழுத்துப்பட்டையில் சிறு மின்கலத்துடன் கூடிய சமிக்ஞைக் கருவியைக் கட்டி அனுப்புகிறார்கள். மேலே கையில் உள்ள பெட்டி அதன் சமிக்ஞையைப் பெற்று, மண்ணுக்கடியில் அது எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும். அந்த இடத்தைத் தோண்டி எடுத்துவிடலாம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஃபெரெட் வளையின் வாய்வரை வரும், மூக்கை நீட்டும், மனிதன் கையை நீட்டியதும் சட்டென்று உள்ளே போய்விடும். மீண்டும் வரும், மீண்டும் போகும். பொழுது சாய்ந்துகொண்டிருக்கும்; மழையும் தூறும். பொறுமை இழந்த மனிதன் பாய்ந்து பிடிப்பான். அந்த நொடியில்தான் பெரும்பாலும் கடி விழுகிறது.

ஏன் கடிக்கிறது?

ஃபெரெட்டின் நிலையில் நம்மை வைத்து எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, கண். ஃபெரெட்டின் விழித்திரை மங்கிய ஒளிக்கு ஏற்றது. கூர்மையான பார்வை அதற்கில்லை. கும்மிருட்டு வளையிலிருந்து பகல் வெளிச்சத்தில் தலையை நீட்டும்போது அதன் நிலை என்ன? பகல்காட்சி முடிந்து திரையரங்கை விட்டு வெளியே வரும்போது உங்கள் கண் கூசுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்நேரத்தில் மேலிருந்து வேகமாக ஏதோ ஒன்று இறங்குகிறது. அது அன்புக் கையா, பருந்தின் காலா என்று ஆராய அதற்கு நேரமில்லை.

இரண்டாவது, மூக்கு. ஃபெரெட்டின் உலகம் வாடையால் ஆனது. வலையில் விழுந்த முயலை எடுத்த கையால் அப்படியே ஃபெரெட்டைத் தொட்டால், அதன் கணக்கில் அந்தக் கையும் ஒரு முயலே. தவறு பிராணியினுடையதன்று. கையைத் தண்ணீரில் கழுவித் துடைத்துக்கொண்டு தொட வேண்டும். இருவர் போனால் ஒருவர் முயலையும் மற்றவர் ஃபெரெட்டையும் கவனித்துக்கொள்வது இன்னும் நல்லது.

மூன்றாவது, பசி. பசியோடு போனால்தான் சுறுசுறுப்பாக வேட்டையாடும் என்று முற்காலத்தில் பட்டினி போட்டு அழைத்துச் சென்றார்கள். இது தவறு என்பதற்கு இயற்பியலே சான்று. 1 கிலோ எடையுள்ள பிராணியின் கன அளவை ஏறக்குறைய 1 லிட்டர், அதாவது 1000 கன செ.மீ. எனக் கொள்வோம். அது உருண்டையாக இருந்தால் மேற்பரப்பு சுமார் 484 சதுர செ.மீ. அதையே 40 செ.மீ. நீளமுள்ள உருளையாக நீட்டினால் மேற்பரப்பு சுமார் 759 சதுர செ.மீ. ஒன்றரை மடங்குக்கும் மேல்! மேற்பரப்பு கூடினால் வெப்ப இழப்பும் கூடும். வளைக்குள் நுழைய வசதியான ஒல்லி உடலுக்கு, குளிர்காலத்தில் ஃபெரெட் கொடுக்கும் விலை இது. அதன் குடலும் குட்டையானது. உண்ட உணவு மூன்று நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. ஆகவே பட்டினி கிடந்த ஃபெரெட் விரைவில் தளர்ந்துவிடும். முயலை விரட்டாமல் கொன்று தின்று உள்ளேயே படுத்துவிடும் வாய்ப்பும் அதிகம். வெளியே வந்தால் விரலையும் உணவென எண்ணிக் கவ்வும். புறப்படுமுன் சிறிது உணவு கொடுப்பதும், நடுவே ஓய்வு கொடுப்பதும் அனுபவசாலிகளின் வழக்கம்.

நான்காவது, பழக்கம். குட்டிகள் ஒன்றையொன்று பிடரியில் கடித்து விளையாடும். அவற்றின் தோல் தடித்தது. மேலே அடர்ந்த ரோமமும் உண்டு. உடன்பிறப்புக்கு விளையாட்டான கடி நமக்கு இரத்தக் காயம். எவ்வளவு மெல்லக் கடிக்க வேண்டும் என்பதைக் குட்டி மனிதக் கையிடம்தான் கற்க வேண்டும். குட்டிகளுக்குக் கண் திறக்க நான்கைந்து வாரம் ஆகும். அந்த வயது முதல் நாள்தோறும் கையில் எடுத்துப் பழக்கிய ஃபெரெட், வளர்ந்தபின் அரிதாகவே கடிக்கிறது.

கடியின் இயற்பியல்

இத்தனை சிறிய பிராணியின் கடி ஏன் அவ்வளவு வலிக்கிறது? அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்து வருவது என்பதைப் படித்திருப்பீர்கள்.

ஒரு கிலோ படிக்கல்லின் எடை சுமார் 10 நியூட்டன். அந்த அளவு விசையே ஒரு கோரைப்பல்லின் முனையில் செயல்படுவதாக வைத்துக்கொள்வோம். முனை அரை மி.மீ. விட்டமுள்ள வட்டமானால் பரப்பு சுமார் 0.2 சதுர மி.மீ. வகுத்துப் பாருங்கள்: அழுத்தம் 5 கோடி பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தைப் போல் 500 மடங்கு! 60 கிலோ எடையுள்ளவர் இரு கால்களையும் ஊன்றி நிற்கும்போது, பாதங்களின் பரப்பு 300 சதுர செ.மீ. என்றால், தரையின் மீதுள்ள அழுத்தம் 20,000 பாஸ்கலே. அதைப் போல் 2500 மடங்கை ஒரு பல்முனை உண்டாக்கிவிடுகிறது.

தாடையும் ஒரு நெம்புகோல்தான். காதுக்கருகில் உள்ள கீல் அதன் ஆதாரத்தானம். கீலிலிருந்து கோரைப்பல் 4 செ.மீ. தொலைவிலும் பின்பற்கள் 2 செ.மீ. தொலைவிலும் இருப்பதாகக் கொண்டால், அதே தசை இழுப்புக்குப் பின்பற்களில் இரு மடங்கு விசை கிடைக்கும். பாக்கை நாம் கடைவாயில் வைத்துக் கடிப்பதும் இதனாலன்றோ?

இதிலிருந்து ஒரு பாடம். விரல் நுனி ஃபெரெட்டின் வாய்க்குள் சரியாகப் பொருந்தும். மடக்கிய கைமுட்டியோ வாயினும் பெரியது, தோலும் இறுகியிருக்கும், பற்கள் பற்றிக்கொள்ள இடமிராது. ஆகவே பழக்கமில்லாத ஃபெரெட்டுக்கு முதலில் நீட்ட வேண்டியது விரலை அன்று. மடக்கிய முட்டியின் புறப்பகுதியை. அது முகர்ந்து பார்த்து அமைதியான பிறகே கை விரிய வேண்டும்.

கையை ஏன் இழுக்கக் கூடாது?

என் இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு இருக்கிறது. பத்து வயதில் எங்கள் தெருவில் ஒரு நாய்க்குட்டிக்குச் சோறு வைத்தேன். அது கையைக் கவ்வியதும் வெடுக்கென்று இழுத்தேன். பல்லின் தடம் புள்ளியாக இருந்திருக்க வேண்டும். அது ஒன்றரை அங்குலக் கோடாக இன்றும் இருக்கிறது. அந்தக் கோட்டை வரைந்தவன் நான், நாய்க்குட்டி அன்று.

கோரைப்பல் பின்னோக்கி வளைந்தது. தூண்டிலின் முள்ளைப் போல, உள்ளே போவது எளிது, வெளியே இழுத்தால் மேலும் பதியும். தோலில் பதிந்த பல்முனை கத்தியாகிவிடுகிறது. தவிர, கடியை உணர்ந்து கை அசையத் தொடங்குவதற்குள் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமாவது கடந்துவிடும். அதற்குள் பல் பதிந்தாயிற்று. எனவே, இழுப்பதால் எந்தக் கடியும் தவறுவதில்லை. துளை கிழிசலாவதே மிச்சம். மேலும், ஓடுகின்ற இரையை இறுகப் பற்றுவது வேட்டைப் பிராணியின் இயல்பு. இழுக்கப்படும் கை ஓடுகின்ற இரையைப் போலவே தோன்றும்.

என்ன செய்ய வேண்டும்? கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். முடிந்தால் வாயின் பக்கமாகவே மிகச் சிறிது, இரண்டொரு மி.மீ. அளவு, நகர்த்த வேண்டும். பல்லின் வளைவு விடுபட்டுத் தாடை தளரும். விரலைக் கடைவாய் வரை தள்ளிவிடக் கூடாது. அங்கே விசை இரு மடங்கு என்று முன்பே கணக்கிட்டோம். விடாமல் பற்றியிருந்தால் மற்றக் கையால் பிடரித் தோலை மெல்லப் பற்றித் தூக்கினால் போதும். தாய் குட்டியைத் தூக்குவதும் அவ்விடத்தில்தான். அப்படிப் பிடித்ததும் ஃபெரெட் உடல் தளர்ந்து தொங்கும், கொட்டாவிகூட விடும். அடிப்பதாலும் உலுக்குவதாலும் ஒரு பயனும் இல்லை.

தூக்கும் முறை

வளையின் வாயில் தலை தெரிந்ததுமே பிடிக்கக் கூடாது. முழு உடலும் வெளியே வந்து சில அடி நடக்கட்டும். மனிதன் தாழ்ந்து மண்டியிட வேண்டும். பழகிய குரலில் மெல்லப் பேச வேண்டும். கண் கூசினாலும் காது கேட்குமன்றோ? கை மேலிருந்து பாயாமல், பக்கவாட்டில் தரையோடு ஒட்டி மெதுவாக வர வேண்டும். கட்டை விரலும் சுட்டு விரலும் கழுத்தைச் சுற்றித் தளர்வாக அமைய, ஒரு கை முன்கால்களுக்குப் பின்னே மார்பைத் தாங்கும். மறு கை பின்னுடலைத் தாங்க வேண்டும். நீண்ட உடலின் ஈர்ப்பு மையம் நடுவில் இருப்பதால், முன்பக்கம் மட்டும் பிடித்தால் எடையின் திருப்புத்திறன் முதுகை வளைக்கும். பிடிமானம் இல்லாத பிராணி துள்ளும். துள்ளினால் கை இறுகும். இறுகினால் அது கடிக்கும்.

தடித்த கையுறை போட்டுக்கொண்டால் ஆகாதா? கடியிலிருந்து காக்கும், ஆனால் எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பது நமக்கே தெரியாமல் போய்விடும். குளிரில் மரத்த விரல்களுக்கும் இதே குறை. அதனால் வெறுங்கையே பழக்கத்துக்கு நல்லது என்பது அனுபவசாலிகளின் கருத்து.

ஒலிபெருக்கி ஊளை

பள்ளி ஆண்டு விழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு எதிரே கொண்டுபோனால் 'கீ...' என்று ஊளையிடும். ஒலிபெருக்கியின் ஒலி ஒலிவாங்கிக்குள் புகுந்து, பெருகி வெளிவந்து, மீண்டும் புகுந்து மேலும் பெருகுகிறது. இதற்கு நேர்ப் பின்னூட்டம் என்று பெயர்.

மனிதனுக்கும் ஃபெரெட்டுக்கும் இடையிலும் இதுவே நடக்கிறது. ஒரு முறை கடிபட்டவன் அடுத்த முறை அஞ்சுகிறான். அஞ்சுகிற கை தயங்கும். பிறகு சட்டென்று பாயும். பாயும் கையைக் கண்டு ஃபெரெட் அஞ்சும். மறுபடி கடிக்கும், அல்லது வளைக்குள் பதுங்கும். ஒவ்வொரு சுற்றிலும் இருவர் அச்சமும் பெருகுகிறது. முடிவில் அந்தப் பிராணி 'உதவாதது' என்று ஒதுக்கப்படுகிறது. அல்லது வளையிலேயே தொலைந்துபோகிறது.

இந்தச் சுற்றை அறுக்க முற்காலத்தார் கண்ட வழிகள் கொடியவை. வாய்க்கட்டுப் போட்டார்கள், உதடுகளைத் தைத்தார்கள், பற்களை உடைத்தவர்களும் உண்டு. வாய் கட்டப்பட்ட ஃபெரெட் மண்ணுக்கடியில் தொலைந்துபோனால் உண்ண வழியின்றிச் சாக வேண்டியதுதான். ஊளையை நிறுத்த ஒலிபெருக்கியை உடைக்க வேண்டியதில்லை. ஒலிவாங்கியைச் சற்றுத் திருப்பினால் போதும். சுற்றில் மாற்ற எளிதான உறுப்பு மனிதனின் கைதான். அதன் வேகத்தைக் குறைத்தால் பெருக்கம் நிற்கும். வீட்டில், வேட்டை இல்லாத நாட்களில், கையில் எடுப்பதும் உணவு கொடுப்பதும் மீண்டும் விடுவதுமாகச் சில வாரம் பழக்கினால், 'உதவாத' ஃபெரெட்டும் திருந்துகிறது.

நமக்கு என்ன பாடம்?

நம் நாட்டுக் குழிமுயல் வளை தோண்டி வாழ்வதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவதும் குற்றம். ஆகவே ஃபெரெட் வேட்டை இங்கே இல்லை. ஆனால் நாயும் பூனையும் நம் தெருவெங்கும் உண்டு. பின்வளைந்த பல், கூசும் கண், அஞ்சிய கை ஆகிய எல்லாம் அங்கும் அதே கதைதான்.

ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பிரிட்டனின் தரைவாழ் விலங்குகளிடம் வெறிநோய் இல்லை. நம் நாட்டில் இருக்கிறது. எந்தப் பாலூட்டி கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப் பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சின்னத் துளைதானே என்று எண்ண வேண்டாம். ஆழ்ந்து குறுகிய துளையில் காற்று புகாது. காற்றில்லாத இடமே இரண சன்னிக் கிருமிக்கு உகந்தது. வீட்டில் திட்டுவார்கள் என்று அஞ்சிக் கடிபட்டதை மறைப்பவர்கள் உண்டு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தம்பி தங்கையர் மறைத்தாலும் விடாதீர்கள்.

செய்து பாருங்கள்

கூராக்கிய பென்சிலை இரு உள்ளங்கைகளுக்கிடையே, கூர்முனை ஒரு பக்கமும் தட்டைமுனை மறுபக்கமும் இருக்குமாறு பிடித்து மெல்ல அழுத்துங்கள். இரு பக்கமும் விசை ஒன்றே. எந்தக் கை முதலில் 'போதும்' என்கிறது?

சிந்தனைக்கு

1. பல்முனையின் விட்டம் அரை மி.மீ.க்குப் பதில் 1 மி.மீ. ஆனால், அதே விசைக்கு அழுத்தம் எத்தனை மடங்கு குறையும்?

2. ஃபெரெட் உறங்கும்போது உடலைச் சுருட்டிப் பந்து போலாக்கிக்கொள்கிறது. மேலே கண்ட 484, 759 என்னும் எண்களைக் கொண்டு காரணம் கூறுக.

3. நேர்ப் பின்னூட்டத்திற்கு உங்கள் வகுப்பறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருக. அந்தச் சுற்றை எந்த இடத்தில் அறுப்பது எளிது?